அத்தை கேட்டு வாங்கிய நாடு

உலக நடப்பைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்று என் அப்பாவுக்கு யார் யோசனை சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாதவராகத்தான் இருக்கவேண்டும். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் ரங்கூனிலோ சைகோனிலோ பினாங்கிலோ இருந்துவிட்டு வந்தவர். அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, வரைபடத்தில் பிரம்பை வைத்து ‘இதுதான் பர்மா’ என்றால் சும்மா இருப்பார்களா? “அங்குட்டு இல்ல வாத்தியாரே, இன்னுங் கொஞ்சம் கீழ வாங்க” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். தன் அரிசிக்கடை இருந்த தெருவைக் காட்டினால்தான் அந்த மனிதருக்கு அது பர்மா. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பிரம்பைக் கீழே இறக்குவார்.

அறுபதுகளின் கடைசி அது. அப்பா உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, இட்லியை அள்ளிப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையைத் திறந்துவிடுவார். வெளியே ‘உலக நடப்பு மன்றம்’ என்று அவர் கையால் எழுதிய பலகை தொங்கும். பெரியவர்கள் வரலாம், மேல்வகுப்பு மாணவர்கள் வரலாம், கட்டணம் கிடையாது. தூதரகங்கள் இலவசமாக அனுப்பும் வழவழப்பான பத்திரிகைகள் மேசையில் அடுக்கியிருக்கும். அவற்றை எடுத்துப் போவதற்கென்றே சிலர் வருவார்கள். அந்தத் தாளில் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டால் வருடம் முழுக்கக் கிழியாது.

பெண்களுக்கு இடதுபக்கம் இரண்டு பெஞ்சுகள். அவற்றில் தவறாமல் உட்கார்ந்தவர்கள் என் அத்தையும் நானும்தான். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்திரண்டு வயது. எங்களோடுதான் இருந்தாள். செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்திகளை வெட்டி ஒட்டி, தேதி எழுதி வைப்பது அவள் பொறுப்பு. அப்பாவுக்கே மறந்துபோகும் தலைநகரங்கள் அவளுக்கு நினைவிருக்கும். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணனுடைய கையெழுத்துக்காக நாலு மாதமாகக் காத்திருந்தாள். நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. பத்து வயதான என்னை வீட்டில் விட்டுப் போனால் தம்பியை அடித்துவிடுவேன் என்று அம்மா துரத்திவிட்டிருந்தாள்.

மன்றத்தில் அப்பாவின் உயிரை அதிகமாக வாங்கியவர் மலாயாக்காரர். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஏதோ தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். கொத்தமங்கலத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து முன்வரிசை நடு இடத்தில் உட்காருவார். அப்பா எந்த நாட்டைத் தொட்டாலும் அவருக்கு அது மலாயாவில் போய்த்தான் முடியும். சூயஸ் கால்வாய் என்றால், “அது வழியா நம்ம துரை லீவுக்குப் போவாரு.” கியூபா என்றால், “சுருட்டுதானே? எங்க துரை அதைத்தான் குடிப்பாரு.” அப்பா ஒரு மணி நேரம் தயாரித்து வந்த பாடத்தை அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இரண்டு நிமிடத்தில் தின்றுவிடுவார்.

ஐக்கிய நாடுகள் சபை, பாதுகாப்புச் சபை, வீட்டோ என்று அப்பா மூன்று ஞாயிறு மூச்சைக் கொடுத்து விளக்கினார். பதினைந்து நாடுகள் உட்கார்ந்து பேசும், அதில் ஐந்து பெரிய நாடுகள், அந்த ஐந்தில் ஒன்று முடியாது என்றால் மற்ற பதினாலு பேர் சம்மதித்தாலும் தீர்மானம் செல்லாது என்றார். ஒருவர் தலையும் அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு, எங்கள் எதிர்த்தெருச் செட்டியார் மெதுவாக எழுந்தார்.

“அப்ப இது பங்காளி கையெழுத்து மாதிரின்னு சொல்லுங்க வாத்தியாரே. எங்க பெரிய வீட்ட ஒட்டுப்போடக்கூட பதினாலு புள்ளி, அதான் பதினாலு பங்குக்காரக, சரின்னுட்டாக. பினாங்குல இருக்க ஒருத்தர் மாட்டேன்னுட்டாரு. மழைக்கு ஒழுகுது.”

அவ்வளவுதான். அறை முழுக்க ஆ என்றது. பங்காளி வீடு இல்லாதவர் அங்கே யார்? அன்றிலிருந்து வீட்டோ என்றால் எல்லாருக்கும் ஒரு பயபக்தி. தான் மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தியதைச் செட்டியார் ஒழுகுகிற கூரையை வைத்துச் சொல்லிவிட்டாரே என்று அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் அந்த உற்சாகத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை. ஈஸ்டர் கழிந்த பிறகு வரும் ஒரு ஞாயிறு, மன்றத்திலேயே பாதுகாப்புச் சபையை நடத்திக் காட்டுவது என்று முடிவானது. தகராறு அப்பாவே கட்டியது: கடலில் ஒரு சின்னத் தீவு, அதற்கு இரண்டு நாடுகள் சண்டை. என்ன செய்வது?

இதே நாட்களில்தான் மலாயாக்காரர் தன் மகனுக்கு அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பினார். மகனும் ஈப்போவில்தான் வேலை. இரண்டு மாத விடுப்பில் வரப்போகிறான், வந்ததும் கல்யாணம், கையோடு கப்பல். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “உலகத்து மேல இவ்வளவு ஆசையா இருக்க பொண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை வாச்சிருக்கே, இதைவிட என்ன வேணும்?” என்று அம்மாவிடம் தினமும் ஒருமுறை சொன்னார். வரைபடத்தில் பார்க்கப் பிடித்த இடத்துக்கெல்லாம் வாழ்க்கைப்பட்டுப் போகவேண்டும் என்று சட்டம் இருந்தால் அத்தை எத்தனை பேரைக் கட்டியிருக்க வேண்டும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது கேட்க ஆள் இல்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. சமையலறையில் மாவாட்டிக்கொண்டே, “எனக்கு வேண்டாம் மதினி. அண்ணேகிட்ட சொல்லுங்க” என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். ஒருமுறையல்ல, மூன்று முறை. அம்மா சிரித்தாள். “நானுந்தான் அப்படிச் சொன்னேன். உங்க அண்ணன் வந்து கட்டிக்கிட்டு வரலியா? எல்லாப் பொண்ணும் சொல்லுறதுதான். போ, உளுந்தை அள்ளு.” எங்கள் வீட்டில் ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்கு வெட்கம் என்று பெயர். வெட்கப்பட்டாள் என்றால் சம்மதம். நானும் ‘வெட்கம், வெட்கம்’ என்று அத்தையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன்.

சபைக்கு ஒரு வாரம் முன்னால், பதினைந்து சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ஐந்து பெரிய நாடுகளில் ஒன்றான பிரிட்டன் விழுந்தது. நான் பெஞ்சில் நிற்கவில்லை, மிதந்தேன். நம்மை அத்தனை காலம் ஆண்டவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆளலாம் அல்லவா? அத்தைக்கு பராகுவே. அதை வரைபடத்தில் பூச்சி அரித்திருந்தது. மலாயாக்காரருக்கு டென்மார்க்.

“டென்மார்க்கா? அது வெண்ணெ டின்னுல போட்டிருக்க பேருல்ல? என்னைய என்னன்னு நெனச்சுக்கிட்டீக?” என்று அவர் எழுந்தேவிட்டார். மலாயாவைக் கொடு என்றார். மலாயா அந்த வருடச் சபையில் இல்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். சம்பந்தியாகப் போகிறவரிடம் எவ்வளவுதான் சொல்வது? கடைசியில், தீர்மானத்தைக் கொண்டுவரும் மரியாதை டென்மார்க்குக்கு என்று சொல்லி உட்காரவைத்தார். அன்று அப்பா வழிந்த வழியலை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

மறுநாள் அத்தை என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். பிரிட்டன் என்றால் நீளமாகப் பேசவேண்டும், தப்பாகப் பேசினால் எல்லாரும் சிரிப்பார்கள், பராகுவேக்குக் கையைத் தூக்கினால் போதும் என்றாள். மடியிலிருந்து ஒரு கை சீப்புச் சீடையை எடுத்தாள். நான் சீட்டை மாற்றிக்கொண்டேன். தின்று முடித்த பிறகுதான் ஏமாந்தது உறைத்தது. திருப்பிக் கேட்டேன், அழுதேன், காலை உதைத்தேன். வேறு எதைக் கேட்டாலும் உடனே கொடுத்துவிடும் அத்தை, அதை மட்டும் கொடுக்கவில்லை. அப்பாவிடம் சொல்லப் போனால், “யார் எந்த நாடா இருந்தா என்ன? நம்ம வீட்டுல எல்லாரும் அவர் தீர்மானத்துக்குச் சரின்னு சொல்லணும், அம்புட்டுதான்” என்றார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை மறுத்துப் பேசுவது எங்கே நடக்கும்? பாதுகாப்புச் சபையில்கூட நடக்கக்கூடாது.

அந்த ஞாயிறு வந்தது. அறையில் நிற்க இடமில்லை. மலாயாக்காரர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். கூடவே மனைவி, இரண்டு மைத்துனர்கள், விடுப்பில் வந்த மகன். சபை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பூ வைத்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அம்மா விடிந்ததிலிருந்து கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

டென்மார்க் இருபத்தைந்து நிமிடம் பேசியது. அதில் இருபது நிமிடம் தோட்டத்துத் துரை. மீதியில் தீர்மானம்: அந்தத் தீவை அதன் நன்மைக்காகவே ஒரு பொறுப்பான பெரிய நாட்டின் கையில் ஒப்படைக்கவேண்டும். ஜோராகக் கைதட்டினார்கள். அப்பா அகர வரிசையில் நாடுகளை அழைத்தார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பராகுவே என்றதும் நான் இரண்டு கையையும் தூக்கினேன். அத்தை மேல் அவ்வளவு கோபம்.

“பிரிட்டன்?”

அத்தை எழுந்து நின்றாள். “எதிர்ப்பு.”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஆதரவா, எதிர்ப்பா?”

“எதிர்ப்புண்ணே.”

மலாயாக்காரர் திரும்பினார். “எதுக்காம்? காரணத்தச் சொல்லச் சொல்லுங்க!”

செட்டியார்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “காரணம் கேக்கக் கூடாதுங்க. அதுக்குப் பேருதான வீட்டோ? எங்க பினாங்குக்காரர் இன்னைக்கு வரைக்கும் காரணம் சொன்னதில்ல.” நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

“சபையில எந்திரிச்சு என்னைய மறுக்குற புள்ள, நாளைக்கு என் வீட்டுல வந்து என்ன செய்யும்? இப்பவே மாத்திச் சொல்லச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க அங்குட்டு வாரதா இல்ல.” மலாயாக்காரர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா மூன்றாவது முறையும் கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். அத்தை நின்றபடியே மூன்றாவது முறையும் சொன்னாள். அறையில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். மூன்று ஞாயிறு அவர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த விதி அது. வேறு வழியில்லாமல், “ஆதரவு பதினாலு, எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் தோற்றது” என்று அறிவித்து, குறிப்பேட்டில் எழுதினார். மலாயாக்காரர் குடும்பத்தோடு வெளியே போனார். எங்கள் வீட்டுப் பக்கம் அவர்கள் வரவேயில்லை. அந்த மகன் விடுப்பு முடிவதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் முடித்துக் கப்பலேறிவிட்டதாகப் பிறகு தெரியவந்தது.

வீட்டில் அன்று நடந்ததைச் சொல்லி மாளாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாத தங்கை தனக்கு வாய்த்தாளே என்று அப்பா நடந்துகொண்டே கத்தினார். மன்றமும் அதோடு படுத்துவிட்டது. மலாயாக்காரர் பக்கம் பாதிப்பேர் வருவதை நிறுத்த, மீதிப்பேர் வேடிக்கை இல்லை என்று நின்றுகொண்டார்கள். அப்பாவுக்குக் கல்யாணம் நின்றதைவிட மன்றம் நின்றதுதான் பெரிய துக்கம் என்பது என் அபிப்பிராயம். ஒரு மாதம் கழித்து அத்தையின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோபத்தில் போட்டாரா, ஏதாவது புரிந்து போட்டாரா என்று கடைசிவரை சொல்லவில்லை. அத்தை சிவகங்கையில் ஆசிரியையாகி, முப்பது வருடம் பூகோளம் நடத்தினாள்.

எனக்கு அன்று இருந்த வருத்தமெல்லாம் ஒன்றுதான். எழுந்து நின்று எல்லாரையும் வாயடைக்கவைத்த நாடு என்னுடையது, அதை அத்தை சீடை கொடுத்துப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சமையலறையில் சொன்னால் வெட்கமாகிவிடுவதைச் சபையில் சொன்னால் குறிப்பேட்டில் எழுதித்தான் ஆகவேண்டும் என்று அவள் கண்டுபிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரியவில்லை. அப்பா பராகுவே என்று அழைத்தபோது, அடுத்து எழப்போகும் அத்தை பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் சீட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று எண்ணி, வேண்டுமென்றே இரண்டாவது கையையும் தூக்கினேன். தீர்மானத்தைத் தடுக்க அவளுக்கு என் ஓட்டு தேவையே இல்லை, தன் ஒரு ஓட்டு போதும் என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. இருந்தும் என்னைத்தான் பார்த்தாள். கூட ஒருத்தி இருக்கமாட்டாளா என்று பார்த்திருக்கிறாள்.