வெயில் அடிக்கும், வெய்யில் எறிக்கும்

எங்கள் வீட்டில் வெய்யில் எறிக்கும். கொழும்பில் பலருக்கு அது அடிக்கும். அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு அறை கிடைக்காமல் போகலாம் என்று சித்தி சொன்னபோது எனக்கு ஏழு வயது.

யுத்த காலம். அம்மா ஊரில் நிற்க, சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். அங்கே அடிக்கடி பொலிஸ் சோதனை. பக்கத்து அறை அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபிறகு சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வீட்டுக்கார அம்மா மலைநாட்டுப் பக்கத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்தவர்களுக்கு அறை கொடுக்கமாட்டாராம். பொலிஸ் வரும் என்ற பயம்.

பஸ்ஸிலேயே பாடம் தொடங்கியது.

"ஓம் எண்டு சொல்லாதை, ஆமா எண்டு சொல்லு. எறிக்குது எண்டாதை, அடிக்குது."

"ஆர் அடிக்கிறது, சித்தி?"

"வெய்யில்தான். வாயை மூடு."

பஸ்ஸால் இறங்கி நெடுந்தூரம் நடந்தோம். வீட்டுக்கார அம்மா எனக்குத் தண்ணீர் தந்தார். "பாப்பா மொகமெல்லாம் செவந்து போச்சே. நடந்தா வந்தீங்க?"

"ஆமா," என்றேன், மிகச் சரியாக. அந்தப் பெருமையில், "வெளியில சரியான வெய்யில் எறிக்குது" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவர் சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "எறிக்குதா? எங்க ஊர்ல கல்லைத்தான் எறிவாங்க."

சித்தியின் விரல்கள் என் கையை இறுக்கின. நகம் பதிந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"நாங்க யாழ்ப்பாணம்தான் அம்மா. மறைக்கப் பாத்தனாங்கள், பிள்ளை விடயில்லை. எங்களுக்கு நிலவும் எறிக்கும், வெய்யிலும் எறிக்கும். உங்களுக்குத்தான் பாவம், அது அடிக்குது."

அந்த அம்மாவின் உதடு கோணியது. "டீச்சரா நீங்க?"

"ஓம், தமிழ் படிப்பிச்சனான்."

"அப்ப வெயில்னா என்னான்னு சொல்லுங்க பாப்போம்."

"வெம்மையில இருந்து வந்த சொல். வெம்மை எண்டா சூடு. பழைய தமிழில விருப்பத்துக்கும் அதுதான் பேர்."

"சுடுறதும் ஆசைப்படுறதும் ஒண்ணா? அது என் வீட்டுக்காரரைக் கட்டுனப்பவே எனக்குத் தெரியுமே!" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சாவியை எடுத்தார். "நாளைக்கே உங்க பேரைப் பொலிஸ்ல பதிஞ்சிருவோம். நானும் கூட வர்றேன்."

வளர்ந்தபின், சித்தி சமாளிப்பதற்காகச் சொன்னாரோ என்று சந்தேகப்பட்டு அகராதியைப் புரட்டினேன். வெம்மைக்கு விருப்பம் என்ற பொருளும் இருந்தது. அப்படியொரு நேரத்தில் அவருக்கு அது நினைவுக்கு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. என்னால் முடிந்திருக்குமா, தெரியவில்லை.

அன்று திரும்பும்போது என் கையில் நகத்தடங்கள் சிவந்திருந்தன. பாடத்தைப் பிழையாக ஒப்புவித்ததற்குச் சித்தி தந்த தண்டனை அது என்றே நினைத்துக்கொண்டு, வெள்ளவத்தை வரை அவருடன் பேசாமல் வந்தேன்.

இப்போது வாகனங்கள் நெரியும் காலி வீதியைக் கடக்கும்போதெல்லாம் என் மகள் கையை உதறுகிறாள்.

"நோகுது அம்மா. என்னோட கோவமா?"