வீடு மங்கிய படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நான் பள்ளிக்கூட ஆசிரியர். கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கும் கமரா ஒன்று வைத்திருந்தேன்.

அயல்வீட்டுப் பெரியவர் தம் மகளைப் படமெடுக்கச் சொன்னார். மலாயாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் தபால் போகிறது. சீதனமாகக் கொடுக்கும் புதுக் கல்வீடும் பின்னால் தெரிய வேண்டும் என்றார். என்னிடம் இருந்ததோ இரண்டே தட்டுகள். மூன்றாவது ஒன்று இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு படபடப்பு வந்திராது.

முதல் தட்டு அவர் சொன்னபடி. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் தூரத்துக் கூரையின் ஓடுகூடத் துல்லியமாக விழும். ஆனால் வெளிச்சம் போதாது. சில செக்கன் அசையாமல் நிற்க வேண்டும். தகப்பன் பக்கத்தில் நின்று, "சிரி பிள்ளை, சிரி" என்று அதட்ட, அவள் அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது என் எண்ணப்படி. அவளை வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, வாசல் படலையடியில் நிறுத்தினேன். கமராவை அவளுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் துவாரத்தை முழுதாகத் திறந்தேன். பின்னால் இருப்பது மங்கும், ஆனால் கண்ணிமைக்கும் நேரம் நின்றால் போதும். இதில் பிழை வராது என்று அப்போதே தெரியும்.

பின்னேரம் படங்களைக் கழுவிக் கொடுத்தேன். ஒன்றில் ஓடுகளை எண்ணலாம். முகம்தான் கலங்கிக் கிடந்தது. மற்றதில் இமைமயிர்கூடத் தெரிந்தது. வீடு வெறும் மங்கல்.

"என்ன தம்பி, பாடுபட்டுக் கட்டின வீட்டைப் புகையாக்கிப் போட்டீர்?"

"பிள்ளையின்ரை முகம் வடிவா விழுந்திருக்கு, ஐயா."

"முகம் எங்கை போகுது? வீடு இருக்கெண்டு அவங்கள் அறிய வேணுமெல்லோ?"

சொல்லிக்கொண்டே முதல் படத்தை உறைக்குள் வைத்தார். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்:

"ஏன் அப்பு, அவர் வீட்டுக்கோ தாலி கட்டப் போறார்?"

அடுப்படியில் தாய் சிரித்தது கேட்டது. பெரியவர் உறையை மகளிடமே நீட்டினார். அவள் படத்தை மாற்றி வைத்துத் தானே ஒட்டினாள்.

மாப்பிள்ளை சம்மதம் எழுதினார். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "வீட்டை விசாரியாதவன் என்ன குடித்தனம் நடத்துவான்?" என்று பெரியவர் கலியாணம் முடியும்வரை கவலைப்பட்டார்.

அதன் பிறகு எத்தனையோ முகங்களை எடுத்துவிட்டேன். பின்னால் எது தெரிய வேண்டும் என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் படத்தில் இருக்கப் போகிறவரிடம் கேட்காமல் துவாரத்தில் நான் கை வைப்பதில்லை.