இதர அக்கா

பல்கலைக்கழகத்துப் பசுமைக்குடிலில் நாற்றுகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘இதர அக்கா’. தாவர ஆராய்ச்சிக்கு அரசு தரும் மானியத்தில் அவளுக்கென்று பதவி கிடையாது. கையுறை, உரம், பூவாளி எல்லாம் அடங்கிய ‘இதர செலவுகள்’ தலைப்பில்தான் அவள் சம்பளமும் வந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட கணவனுக்கு மருந்தும், மகளுக்குப் படிப்பும் அந்த இதரத்திலிருந்துதானே வந்தன!

நாற்றுகளோடு பேசிக்கொண்டே வேலை செய்வது அவள் வழக்கம். பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு வந்திருந்த வெளிநாட்டு மாணவி பக்கத்திலேயே நின்று, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நம் பேச்சைப் பழகினாள்.

அந்த வருடம் மானியம் பாதியாகக் குறைந்தது. நிதி அலுவலர் இதர செலவுகளை ஒரே கோட்டில் அடித்துவிட்டார். செலவை வெட்டி வெட்டியே ‘கத்தரி’ என்று பெயர் வாங்கியவர். மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று பேராசிரியர் தலைகுனிந்து சொன்னார். அக்கா தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். பூவாளியில் நீர் தீர்ந்த பிறகும் அவள் கன்னத்தில் தீரவில்லை.

அதைப் பார்த்த மாணவி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக நிதி அலுவலர் அறைக்குள் நுழைந்தாள். கோப்புகளுக்கு நடுவே கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார் அவர். அன்பாகப் பேச்சைத் தொடங்க மாணவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“என்ன கண்ணு, இப்படி வாடிப்போயிட்ட? தண்ணி குடிச்சியா?”

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று அக்கா தவித்தாள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி இறந்த பிறகு அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தே விட்டார்.

இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டார். மாணவி அக்காவைக் காட்டினாள். மொழி வகுப்பில் எழுத்துதான் வந்ததாம், வாய் திறந்தது அக்காவால்தானாம். அக்கா போய்விட்டால் தான் ஊமையாகிவிடுவதாகச் சொன்னாள்.

வெளிநாட்டு மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் அவர்களுடைய பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பங்கு உண்டு. ஆள் போடாமலே அது வருடாவருடம் மீந்துகொண்டிருந்தது. நிதிக் குழுக் கூட்டத்தில் அக்காவுக்காக அலுவலரே எழுந்து பேசினார். காலையில் பசுமைக்குடில், பிற்பகலில் அந்த மாணவர்களோடு பேச்சு என்று முடிவானது. மானியம் கைவிட்டவளைக் கடல் கடந்து வந்த பணம் தாங்கிப் பிடித்தது. முதல்முறையாக அவளுக்கென்று ஒரு பதவி: பேச்சுப் பயிற்றுநர்.

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேலி செய்தான். “வாயடிக்கச் சம்பளமா? இத்தனை வருஷம் வீட்டுல சும்மாவே பண்ணிட்டியேடி.”

மறுநாள் அலுவலருக்கு நன்றி சொல்லப் போனவள் வாசலிலேயே கைகூப்பி நின்றாள். வார்த்தை வரவில்லை.

“பேசறதுக்குத்தாம்மா சம்பளம்,” என்றார் அவர்.

அன்று பிற்பகல் முதல் வகுப்பு. பெரியவர்களைக் கண்ணு என்று கூப்பிடக் கூடாது, ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

“கத்தரி சாரையுமா அக்கா?” என்றாள் மாணவி.

அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “இனிமே அந்தப் பேரு வேண்டாம் கண்ணு. அவரு நல்லா இருக்கட்டும்.”