வாசிகசாலையில் கதைத்த பிள்ளைகள்

அதிகாலை ஐந்து நாற்பதுக்கு அக்காவின் அறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்டது, கட்டிலிலிருந்து நழுவி நிலத்தில் குப்புறக் கிடந்த நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். அதன் பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். உயிர் பிரிந்திருந்தது.

தொண்டைமானாற்றில் கடற்றொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. ஆசிரியையானார். இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியிலும் வகுப்பெடுத்தார். ஓய்வுபெற்ற பின் எங்கள் ஊர் வாசிகசாலையில் மாலை வேளைகளில் பிள்ளைகளை வாசிக்க வைத்தார். பிள்ளை ஒரு பந்தியை வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். வாசித்ததைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். அவரது முறை அவ்வளவுதான்.

ஒரு சிறுமி இடறாமல் வாசித்து முடித்தாள்.

“கொக்கு ஏன் பறந்தது?”

“தெரியாது ரீச்சர். அது வாசிக்கேக்கை வரேல்லை.”

“வந்தது பிள்ளை. நீ பாத்துக்கொண்டு நிக்க, உன்னைக் கடந்து போட்டுது.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சத்தம் வாசிகசாலையின் மதிப்புக்குரிய தலைவருக்குப் பொறுக்கவில்லை. அவர் எங்கள் சின்ன மாமா.

“பிள்ளை, இது வாசிக்கிற இடம். கதைக்கிற இடமில்லை” என்று அக்காவிடம் சொன்னார்.

“கதைக்காட்டில் விளங்கினதெண்டு எப்பிடி மாமா தெரியும்?”

“விளங்கி என்னத்துக்கு? பிழையில்லாமல் வாசிச்சால் காணும்.”

அடுத்த வாரம் மாலையில் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. பூட்டியவர் மதிப்புக்குரிய தலைவர். சாவி கேட்டு அக்கா மூன்று முறை அவர் வீட்டுப் படலையில் நின்றார். ‘ஆள் இல்லை’ என்று உள்ளிருந்து அவரே குரல் கொடுத்தார். இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களாகிய உங்களுக்கு இது தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. உங்களில் பலர் பிள்ளைகளை அக்காவிடம் வரவிடாமல் மறித்துக்கொண்டீர்கள். எஞ்சிய இரு சிறுமிகளுக்கு எங்கள் வீட்டு விறாந்தையில், இறப்பதற்கு முதல் நாள் வரை அக்கா சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாலை வேளையில் அந்தப் பூட்டுத் திறந்தது, அக்காவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இருக்கக் கதிரைகள் எடுக்கத்தான்.

அந்த இரு சிறுமிகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேறு எவருக்கும் இல்லை.

மலர் அச்சுக்குப் போகுமுன் குடும்பத்தின் மூத்தவர் வாசித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இதுவரை உள்ளதை, இப்போது மூத்தவரான சின்ன மாமா அதே விறாந்தையில் இருந்து, உரத்து, ஒரு சொல்லிலும் இடறாமல் வாசித்தார்.

“திறம் தம்பி. ‘தலைவர்’ எண்டு வாற இடமெல்லாம் முன்னாலை ‘மதிப்புக்குரிய’ எண்டு போடு” என்றார்.

போட்டிருக்கிறேன்.