பனைக்கு நேரே நின்ற இடம்

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் மிகவும் நேசித்தார்கள் என்பதற்கு, ஞாயிறு தவறாமல் அவர்கள் வாதிட்டதைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. சித்தப்பா ராசிபுரத்தில் குடியிருந்து, அங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். அப்பா அவரைவிடப் பத்தாண்டு மூத்தவர். நாமக்கல் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் தென்னையும் மரவள்ளியும் வைத்திருந்தவர். சித்தப்பா ஒன்பது மணிப் பேருந்தில் வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாதம் தொடங்கிவிடும். ஒரு வாரம் கடவுள் உண்டா என்பது, மறுவாரம் விதி உண்டா என்பது, அதற்கடுத்த வாரம் மனிதர் அனைவரும் சமமா என்பது. எந்த வாரமும் எதுவும் முடிவாகாமல் உச்சிவேளையில் இலை போடப்படும். இருவரும் அருகருகே அமர்ந்து, ஒருவர் இலைக்கு வேண்டியதை மற்றவர் கேட்டு வாங்கிப் பரிமாறச் செய்வார்கள். எட்டு வயதில் நான், உலகத்துப் பெரிய கேள்விகள் எல்லாம் பசி எடுக்கும் வரையில் பேசுவதற்கானவை என்று நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு வாதத்துக்கு ஒரு கனம் வந்து சேர்ந்தது. இரண்டு பருவம் மழை பொய்த்து, எங்கள் ஆழ்துளைக் கிணறு வறண்டுபோயிற்று. தென்னையின் அடி மட்டைகள் காய்ந்து, மரத்தோடு ஒட்டித் தொங்கின. இன்னும் ஒரு துளை போடலாம், அதுவும் ஒன்றே ஒன்று, என்று அப்பா கணக்கிட்டிருந்தார். ஆகவே எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. அப்பா, ஏரிக்கு அப்பாலிருந்த குடியிருப்பிலிருந்து நீரோட்டம் பார்ப்பவரை வரவழைத்தார்.

அவர் அப்பாவைவிட மூத்தவர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். மஞ்சள் பையில் குடுமியோடு ஒரு தேங்காய். அதை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். கீழே நீர் ஓடும் இடத்தில் தேங்காய் தானே எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக் கிணறுகள் அவர் தேங்காய் எழுந்த இடங்கள்தாம் என்று அப்பா சொல்வார். மீதிப் பாதியைப் பற்றிச் சித்தப்பா கேட்பார்.

அன்றும் கேட்டார். முற்றத்து வேம்படியில் அண்ணனும் தம்பியும் நாற்காலியில் இருக்க, வந்தவர் சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். பேச்சு தேங்காயில் தொடங்கி, இயற்கைக்கு ஒழுங்கு உண்டா என்பதில் புகுந்து, சமத்துவத்துக்கு வந்து நின்றது. தென்னையும் பனையும் ஒன்றாகுமா, படைப்பிலேயே ஏற்ற இறக்கம் இருக்கிறதே என்றார் அப்பா. மரங்கள் ஒன்றுக்கொன்று வரிசை வகுத்துக்கொள்வதில்லை, வகுப்பது நாம்தான் என்றார் சித்தப்பா. மனித உடலில் உயர்வு தாழ்வைக் காட்டும் உறுப்பு ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தேநீர் கொண்டுவந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வெள்ளி போல் துலக்கிய எவர்சில்வர் தம்ளர். வந்தவருக்கு, இளஞ்சிவப்புப் பூ அச்சிட்ட காகிதக் குவளை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அத்தை மகள் திருமணத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய குவளைகள் அவை. நான் எத்தனை முறை கேட்டும் அம்மா ஒன்றைக்கூடத் தந்ததில்லை. இவர் பெரிய விருந்தாளியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

சித்தப்பா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு ஒரு சோதனையை முன்வைத்தார். வந்தவர் ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு நடந்து இடத்தைச் சொல்லட்டும். பிறகு கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி நடக்கவிடுவோம். அதே இடத்தில் தேங்காய் எழுந்தால் தாம் ஒப்புக்கொள்வதாகவும், கோயில் திருவிழாவுக்குத் தீர்த்தக்குடம் சுமந்து வருவதாகவும் சொன்னார். அப்பாவுக்கு அதைப் பார்க்கும் ஆசை நெடுநாளாக இருந்தது. உடனே இசைந்தார்.

“எந்திரிக்கலைன்னா?” என்று கேட்டார்.

“எந்திரிக்கலைன்னா இவன் இனிமே இந்தப் பக்கம் யாரு காட்டுலயும் தேங்காயக் கையில வெக்கக்கூடாதுங்கண்ணா. ஏப்பா, சம்மதமா?”

வந்தவர் குவளையைக் கீழே வைத்தார். “பாத்துப்போடலாமுங்க சாமி.”

“உனக்கே இதுல நம்பிக்கை இருக்குதா?”

“தேங்கா எந்திரிக்குதுங்க. நான் எந்திரிக்க வெக்கறதில்லீங்க. எதனால எந்திரிக்குதுன்னு எனக்கும் தெரிஞ்சாத் தேவலாமுங்க.”

சித்தப்பா சிரித்தார். அந்தப் பந்தயத்தில் ஒருவர் தோற்றால் ஒரு நாள் குடம் சுமப்பார், மற்றொருவர் தோற்றால் பிழைப்பை விடுவார் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சமத்துவம் பற்றிய பேச்சு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

சித்தப்பா சோதனையில் நுணுக்கமானவர். பெரியவர்கள் உடன் நடந்தால் முகக்குறியாலோ மூச்சாலோ இடத்தை உணர்த்திவிடக் கூடும் என்றார். ஆகவே அவரும் அப்பாவும் வறண்ட கிணற்றின் மோட்டார் கொட்டகை அருகே, உழவுக்காட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வது. நான் மட்டும் வந்தவரோடு போவது. எனக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, ஆகவே நானே சிறந்த நடுவர் என்றார். மஞ்சள் துணி கட்டிய முளைக்குச்சி ஒன்றும் சிவப்புத் துணி கட்டியது ஒன்றும் என் கையில் தரப்பட்டன. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது.

உழுது போட்டிருந்த காடு. முதல் நடையில் அவர் மெதுவாகப் போனார். கிழக்கு வரப்பின் ஒற்றைப் பனைக்கு நேரே வந்தபோது, படுத்திருந்த தேங்காய் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்து, குடுமி வானத்தைப் பார்க்க நின்றது. அவர் விரல் அசையவில்லை. நான் குனிந்து, உள்ளங்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. மஞ்சள் முளையை அடித்தேன்.

பிறகு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து, துண்டால் அவருடைய கண்ணைக் கட்டினேன். அவர் மண்டியிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தார். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். மறுபடி நடந்தார். புழுதிக் கட்டிகளில் கால் இடறியபோதெல்லாம் தேங்காயைத்தான் காப்பாற்றிக்கொண்டார். மஞ்சள் முளையைத் தாண்டிப் போனார். இன்னும் போனார். வெகுதூரம் போன பிறகு தேங்காய் எழுந்து நின்றது.

சிவப்பு முளையை அடித்தேன். திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் முதுகும் சித்தப்பாவின் முதுகும் அசையாமல் இருந்தன. ஓடிப்போய் மஞ்சள் முளையைப் பிடுங்கி, குழியைக் காலால் மூடி, கொண்டுவந்து சிவப்பின் அருகே ஒரு முழம் தள்ளி நட்டேன். பூப்போட்ட குவளையில் தேநீர் பெற்ற ஒருவர் எங்கள் காட்டில் அவமானப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகே கண்கட்டை அவிழ்த்தேன்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு முளைகளையும் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் பெரிய மகிழ்ச்சி வந்தது. பிறகு நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். பனை எங்கோ ஒதுங்கி நின்றது. அந்த மகிழ்ச்சி எப்படி வந்ததோ அப்படியே போயிற்று.

“சாமி,” என்றார், தாழ்ந்த குரலில். “மஞ்சக் குச்சிய எடுத்த எடத்துலயே வெச்சுருங்க.”

“உங்களத் தோக்கடிச்சுருவாங்க.”

“தோத்தா நான் தோத்ததா இருக்கோணும். செயிச்சா நான் செயிச்சதா இருக்கோணும். நடுவுல நீங்க எதுக்குங்க சாமி?”

“யாரும் பாக்கலீங்க.”

“நான் பாத்துப்போட்டனே.”

எனக்கு அழுகை வந்தது. உதவி செய்தவளை இப்படியா பேசுவது? அழுதுகொண்டே முளையைப் பிடுங்கிப் பனைக்கு நேரே கொண்டுபோனேன். பழைய குழி எது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே வந்து காலால் தடவிக் கண்டுபிடித்துக் கொடுக்க, அதில் நட்டேன்.

பிறகு இருவரையும் அழைத்தேன். சித்தப்பா இடைவெளியைக் காலடியால் அளந்தார். முப்பத்து நான்கு அடிகள். கீழே இரண்டு நீரோட்டங்கள் இருக்கின்றன, தேங்காய் இரண்டையும் காட்டிவிட்டது என்றார் அப்பா. எங்கே நின்றாலும் வெற்றி என்றால் அந்த வெற்றிக்கு என்ன பொருள் என்று சித்தப்பா கேட்டார். கண்ணைக் கட்டியதால் கையின் ராசி போயிருக்கும் என்றார் அப்பா. அவர்கள் பேசிக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தார்கள். அன்றைய வாதம் மிக உயர்ந்த தரத்தில் அமைந்தது என்று பிற்காலத்தில் இருவருமே நினைவுகூர்ந்ததுண்டு.

நீரோட்டம் பார்ப்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தேங்காயை என்னிடம் நீட்டினார்.

“ஊட்டுக்குக் கொண்டு போங்க சாமி. சட்டினிக்கு ஆகும்.”

அவர் வேம்படிக்குத் திரும்பவில்லை. வரப்பு வழியே ஏரிப் பக்கம் போய்விட்டார். அவருடைய குவளை நாற்காலிக்கு அருகே அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கழுவி, என் பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தேங்காயை அம்மா அன்று மாலையே உடைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறன்று, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து துளையிடும் வண்டி வந்தது. மஞ்சள் முளையா, சிவப்பு முளையா என்று அப்பா உறுதி செய்துகொள்ளாத நிலையில், அந்த வண்டி உழவுக்காட்டில் இறங்காது, சக்கரம் புதைந்துவிடும் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். கெட்டித் தரை இருந்த ஒரே இடம் மோட்டார் கொட்டகையின் பக்கம். வண்டி அங்கே நின்றது. சோதனையன்று அப்பாவும் சித்தப்பாவும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அதே இடத்தில், பிற்பகல் மூன்று மணியளவில் சேறும் தண்ணீருமாகப் பீறிட்டது.

கடவுள் வண்டியை நிறுத்திக் காட்டினார் என்றார் அப்பா. தற்செயல் என்பதைவிட நேர்மையான சொல் உலகத்தில் இல்லை என்றார் சித்தப்பா. இருவரும் தத்தம் வெற்றியில் மகிழ்ந்து நனைந்தார்கள். நீரோட்டம் பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு சுமக்கப் போய்விட்டதாகவும், தேங்காயைத் தொடுவதில்லை என்றும் பதில் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானே என்று இருவரும் ஒருசேரப் பாராட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போனதை நான் கண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

சேறு தெளிந்து நல்ல தண்ணீர் வந்ததும் நான் வீட்டுக்குள் ஓடி, ஒளித்து வைத்திருந்த குவளையை எடுத்துவந்தேன். முதல் தண்ணீரை அதில்தான் குடிப்பதென்று எண்ணியிருந்தேன். நிரப்பி, வாயருகே கொண்டுபோனபோது, எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டாள். அவர் குடித்தது, நான் எடுத்து வைத்திருந்தேன் என்றேன், பெருமையாக.

அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. தண்ணீர் என் பாவாடையில் கொட்டிற்று.

சித்தப்பாதான் குறுக்கே வந்தார். “உடுங்க அண்ணி, கொழந்தைக்கு என்ன தெரியும்?” என்று என்னை அணைத்துக்கொண்டார். குவளையை என் கையிலிருந்து இரண்டு விரலால் மென்மையாக வாங்கி, வரப்புக்கு அப்பால் வீசினார். பிறகு குழாயடியில் குனிந்து, புதுத் தண்ணீரில் கைகளை முழங்கை வரை நன்றாகத் தேய்த்துக் கழுவினார்.

கையில் சேறு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.