கால் தொங்கப்போட ஓர் இடம்

நான் படுத்த இடங்கள் பல. லாரியில் தார்ப்பாய் மேல், வெங்காய மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டி முடியாத கல்யாண மண்டபத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊரூராகத் திரிந்தவனுக்கு, இடம் என்பது இருட்டிய பிறகு கிடைப்பது. படம் பார்த்து, இதுதான் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படுத்தது ஒரே ஒரு முறைதான். அது அக்காவுக்காக.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. மஞ்சள்காமாலையோடு காஞ்சிபுரத்தில் லாரிக்காரர் என்னை இறக்கிவிட்டுப் போனபோது, வீட்டின் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டு, மோர்ச்சோறு போட்டுத் தேற்றியவர். தேறிய பிறகு யாரும் போகச் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். அறை என்னுடையதாகவே ஆகிவிட்டது. அவர் கணவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான். அக்காவும் மாமாவும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். மாமா புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையை அக்கா தள்ளிக் கொடுப்பார். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு மாமா டீக்கடையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். அக்கா வீடு கழுவி, படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, மறுநாள் நாடாவுக்குள் போடும் நூல் குச்சியான தாரைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

"தறிக்குத்தான்பா லீவு. எனக்கு இன்னா லீவு?" என்றார் ஒரு அமாவாசையில், ராட்டையைச் சுற்றிக்கொண்டே. "நீ மலை மேல எல்லாம் படுத்திருக்கறே இல்ல? அங்க ராத்திரி எப்படி இருக்கும்?"

"குளிரும்கா. வேற வேலையே இருக்காது."

"அப்படி ஒரே ஒரு ராத்திரி போதும்பா" என்றார். என்னிடம் அவர் அதுவரை எதுவும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேற்கே மலைமேல் அரசு நடத்தும் காட்டுப் பூங்கா ஒன்றில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஆட்டோவில் வந்த கல்லூரிப் பிள்ளைகள் பேசிக் கேட்டிருந்தேன். எல்லாம் போனில்தான் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட நாளில் காலை பத்து மணிக்குத் திறக்கும்; சற்று நேரத்தில் நல்ல இடமெல்லாம் போய்விடும் என்றார்கள். அந்த நாளில் மூன்று பேரும் தறிக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பூங்காவின் வரைபடம் வந்தது. கட்டம் கட்டமாக இடங்கள். தொட்டால் அந்த இடத்தின் படம் வரும்.

"ஏரிக்கரை போடு மச்சான்" என்றார் மாமா.

நான் விதிமுறைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஏரிக்கரைக் கட்டமெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள ஏரியே வத்திடும்போல இருக்குதே."

மிச்சம் இருந்தவற்றில் ஒன்று மரத்தடி. காற்றடித்தால் கிளை விழும். இன்னொன்று பள்ளம்; தூறல் போட்டாலே தண்ணீர் உள்ளே வரும். இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்தில், யாரும் தொடாத ஒரு கட்டம். அதன் படத்தில் சரிவின் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர் தெரிந்தது. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்து பழகியவர்கள் இருவரும்; தரையில் சம்மணம் போட்டால் முட்டி பிடித்துக்கொள்ளும். அமாவாசைத் தேதியைப் போட்டு, அந்த இடத்தையே அமுக்கினேன். பதிவாகிவிட்டது. மாமா எல்லோருக்கும் போண்டா வாங்கி வந்தார்.

போண்டா தின்று முடித்த பிறகுதான் அக்கா கேட்டார்: "அமாவாசை ராத்திரி அங்க படுத்துக்கினா, மறுநாள் காலையில தறியில யார் உக்கார்றது?"

எங்கள் விடுமுறை ஒரு பகல். பூங்காவில் கொடுப்பது ஒரு இரவு. அது இரண்டு பகலைத் தொடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தறியில் இருந்ததோ முகூர்த்தப் புடவை. மிச்சத்தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் நெய்து, சாயங்காலத்துக்குள் முதலாளி வீட்டில் சேர்த்தாக வேண்டும். தேதியை மாற்றப் பார்த்தால் வேறு நாளில் இடமில்லை. அடுத்த அமாவாசைக்குள் மழை பிடித்துக்கொள்ளும், பூங்காவை மூடிவிடுவார்கள்.

"உடுப்பா, இன்னொரு வருஷம் பாத்துக்கலாம்" என்று அக்கா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, அடுப்ப நான் பாக்கறன். தாரும் நான் சுத்தறன். நீ தறியில உக்காரு. அமாவாசைக்கு முந்தியே பொடவைய முடிச்சிடலாம்."

"நீ சமைச்சா தறி முடியும். நாங்க இருப்பமான்னு தெரியாது" என்றார் மாமா.

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. விடிவதற்கு முன்பே அவர்கள் தறிக்குழியில் இறங்கிவிடுவார்கள். நான் சோறு வடித்து, தண்ணீர் பிடித்து, தார் சுற்றிவிட்டு ஆட்டோவை எடுப்பேன். நான் சுற்றிய தார் பாதி நாடாவுக்குள் சிக்கியது. அக்கா வாயே திறக்காமல் பிரித்துச் சுற்றிக்கொண்டார். என் குழம்பைப் பற்றி மட்டும் தெரு முழுக்கச் சொன்னார். அமாவாசைக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது மாமா நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினார். அப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் படையலை விடிகாலையிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். பூங்காவில் எங்கள் இடத்தில் ஒரு சிறு பலகை. அதில் சாக்பீஸால் என் பெயர். நான் வருவதற்கு முன்பே என் பெயரோடு காத்திருந்த இடத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. சற்று நேரம் அங்கேயே நின்றேன். மாமா அங்கே போட்டிருந்த கூடாரத்தின் துணியை விரலால் நிமிண்டி, "நெருக்கமாத்தான் நெய்ஞ்சிருக்கறான். கையில புடிச்சா ஒண்ணுமே இல்ல" என்றார். அக்கா பையிலிருந்து துடைப்பத்தை எடுத்தார். வனக் காவலர் சிரித்துவிட்டார்.

"கூட்டறதுக்கு ஆள் இருக்குதும்மா."

"இருக்கட்டும்பா. நம்ம எடம்."

பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு அடுத்த வேலையைத் தேடினார். இல்லை. புளிச்சோறும் கட்டி வந்தாயிற்று. கல் சுவரில் போய் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாமாவின் பாதங்கள் தறியின் மிதிபலகையை மிதிப்பதுபோல் ஒன்று மாற்றி ஒன்று அசைந்தன. "இங்க இன்னா மிதிக்கற? கால சும்மா வை" என்று அக்கா அவர் முட்டியில் தட்டினார்.

நிலா இல்லாத வானத்தில் நட்சத்திரங்கள் வந்தன.

மறுநாள் தறிக்கு எழும் நேரத்துக்கே அக்கா எழுந்துவிட்டார். பூங்கா டீக்கடை திறந்ததும் நான் டீ வாங்கி வந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு அதே சுவரில் உட்கார்ந்திருந்தார். கீழே பனி விலகிக்கொண்டிருந்தது.

"எப்ப காலி பண்ணணும்பா?"

"பத்து மணிக்குக்கா."

டீயை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப உக்காரு" என்று சற்றுத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.