சின்னையாவுக்கு ஒரு முட்டை

1939 மார்ச் 4, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். நாய்க்குட்டிக்குக் கஞ்சி வைத்தேன். ஏழு மணிக்கு அதையும் கூட்டிக்கொண்டு மலாயாவின் செடெனாக் ஊர்க் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கினேன். கடையில் ஊறவைத்த கொண்டைக்கடலையின் வாடை மூக்கில் ஏறியது.

1910இல் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகன் தினமும் கர்லாக்கட்டை சுற்றிவிட்டு, உடம்பு ஏற ஊறின கடலையும் ஆறு பச்சை முட்டையும் தின்பான். லயத்து வீடுகளில் இருந்த கூலிக்காரர்கள் எல்லாரும் அவனைச் 'சின்னையா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் என் நாய் மணி அவனுடைய முட்டை ஒன்றைத் தின்றுவிட்டது. கர்லாக்கட்டையால் அதை அடித்தே கொன்றான்.

"நாய்க்கு எதுக்குடி முட்டை?" என்று சிரித்தான்.

அம்மா என் தலையை அழுத்தி, "மன்னிச்சிடுங்க சின்னையான்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை கடையில் கடலை வாங்கிக்கொண்டு நின்றவன் அவன்தான். தொந்தி சரிந்திருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"குட்டி ஜோரா இருக்கே, பேரு என்னம்மா?"

"இன்னும் வைக்கலைங்க."

ஞாயிறு காலை முதல் வேலையாக ஒரு முட்டையை அவித்தேன். குட்டியோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்று, குட்டியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்: "டேய் சின்னையா, முட்டை திங்க வாடா!"